படித்துக் காட்டாத வரி

பார்த்திபனை ரெஜினா ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அவன் வெள்ளத்தோடு போன வருஷம் அவன் யாரோ, இவள் யாரோ. ஆனாலும் இரண்டு வருஷமாக அவன் அவளை விடுவதாக இல்லை. கருங்குழியில் பஸ் ஏறி மதுராந்தகம் ஏரிக்கரையோரம் வரும்போது எதிரே ஒரு லோடு ஆட்டோ வந்தால் போதும், அவள் கண் தானாக டிரைவர் சீட்டுக்குப் போய்விடும். காணவில்லை என்று போலீஸில் கொடுத்த போட்டோவில் இருக்கும் அதே கட்டம் போட்ட சட்டை, இடது புருவத்தில் அதே தழும்பு. முகத்தில் கோபமெல்லாம் இல்லை. 'நா எப்பம்மா வுட்டுட்டுப் போனன்?' என்று கேட்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போவான். வண்டி தாண்டியதும் பார்த்தால் அது வேறு யாரோ ஒரு பையனாக இருக்கும்.

ரெஜினா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கேலி செய்தே எழுந்து ஓடவைத்துவிடுவாள். அதனால் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டிவரும். பார்த்திபன் தன் பெண்டாட்டி பிள்ளையைக் கைவிட்டுப் போனான் என்று எழுதியது அவள் கை.

அவள் கதையைச் சொல்லாமல் அவன் கதைக்குப் போக முடியாது. ரெஜினாவின் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் பத்தாவது பாஸ் செய்ததே அந்தத் தெருவுக்குப் பெரிய விசேஷம். பத்தொன்பது வயதில் தாவீது என்கிற பெயிண்டருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல சிரிப்புக்காரன். மகன் ஹேமந்த்துக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஓசூர் பக்கம் காண்ட்ராக்ட் வேலை என்று போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ரெஜினா மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் பெட்ஷீட் துவைக்கப் போனாள். ஊரெல்லாம் கடல் பார்க்க வருகிற இடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தும், லாண்டரி ரூமுக்கு ஜன்னல் இல்லாததால் கடலை அவள் பார்த்தது நாலைந்து தடவைதான்.

அங்கே ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சரோஜாதான் அவளைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். செங்கல்பட்டில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் தகர ஷெட். ஞாயிறு மதியம் அங்கே கூடுகிறவர்கள் எல்லாம் தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண்கள். சங்கத்துக்கு ஒரே விதி. படிக்க வருகிற ஒவ்வொருத்திக்கும், அதே வழியில் முன்னால் படித்துக் கரையேறிய ஒருத்தி 'அக்கா'. வயது இதில் வராது. அக்கா என்பவள் அப்ளிகேஷன் எழுதித் தர வேண்டும், பரீட்சை அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும், பாதியில் நின்றுவிடுகிறேன் என்று அழுதால் நன்றாகத் திட்ட வேண்டும். படித்து முடித்தவள் அடுத்து வருகிறவளுக்கு அக்கா ஆகிவிட வேண்டும். சரோஜா ரெஜினாவைத் திட்டிய திட்டில்தான் அவள் ப்ளஸ் டூ முடித்தாள்.

அப்போதுதான் தாலுகா ஆபீஸில் அவளுக்கு ஒரு சான்றிதழ் வாங்கினார்கள். 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று அச்சடித்திருந்தது. ரெஜினாவுக்கு அதில் வெட்கம் வரவில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் கம்ப்யூட்டர் கோர்ஸில் இலவச சீட் கிடைத்தது, அதை வைத்துத்தான் மதுராந்தகத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை கிடைத்தது. லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்திருந்தாள். தனக்குக் கதவைத் திறந்து கொடுத்த வார்த்தை இன்னொரு வீட்டில் போய் என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

ரெஜினா 'அக்கா'வாக அமைந்தது முதலில் வேண்டா என்பவளுக்கு. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரியட்டும் என வைத்த பெயர். சாமிக்குக் காது கேட்கவில்லை, நாலாவதும் பெண். வேண்டாவுக்கு ரெஜினாவைவிட மூன்று வயது கூட. ஆனாலும் சங்கத்து விதிப்படி வாய்நிறைய 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். முதல்நாள் அவள் கழுத்தில் தாலியையும் நெற்றியில் குங்குமத்தையும் பார்த்துவிட்டு ரெஜினா கேட்டாள்.

"வூட்டுக்காரரு இருக்காரா?"

"தெரிலக்கா," என்றாள் வேண்டா.

பார்த்திபனுக்குச் சொந்தமாக லோடு ஆட்டோ இருந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் மழையில், ஏரி திறந்துவிட்ட தண்ணீர் கிளியாற்றுத் தரைப்பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன், முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்கினான். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது, கருவேல முள்ளில் தலைகீழாக. அவன் கிடைக்கவில்லை. கிளியாறு பாலாற்றில் விழும், பாலாறு வாயலூருக்கு அந்தப் பக்கம் கடலில் விழும். அந்த முகத்துவாரத்தில் பதினொரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்கள். உடம்பு கிடைக்காததால் காரியம் செய்யவில்லை, தாலி இறக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு ஊரே செத்தவர்களுக்குப் படைக்கும்போது அந்த வீடு மட்டும் சும்மா இருக்கும். அவர்கள் மகள் ரேணுகாவுக்கு அப்போது நாலு வயது.

பார்த்திபனின் அம்மா ஞானம்பாள் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். படிப்பு வாசனை கிடையாது, வாய் மட்டும் கத்தி. ரெஜினா முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது டீ பேப்பர் கப்பில் வந்தது. வீட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. ரெஜினாவுக்குப் புரியாமல் இல்லை. குடித்துவிட்டு கப்பைக் கசக்கித் தெருவில் எறிந்துவிட்டு வந்தாள். வேண்டாவின் மேல் இருந்த பிரியத்தால் மறுபடியும் போனாள். வேண்டா முதல் தடவை ப்ளஸ் டூவில் ஃபெயில் ஆனபோது திட்டப் போனாள். இரண்டாம் தடவை எழுதியபோது ரேணுகாவுக்கு அம்மை போட்டிருந்தது. ஐந்து நாளும் லீவு போட்டுவிட்டு வந்து அந்தக் குழந்தையின் பக்கத்தில் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தாள். ஞானம்பாள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

வேண்டா பாஸ் செய்தாள். செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன் படிப்பில், விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் என ஒதுக்கிய சீட் ஒன்று மிச்சம் இருந்தது. கடைசித் தேதிக்கு மூன்று நாள். இரண்டு பேரும் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"விதவைன்னு போட முடியாது. டெத் சர்டிபிகேட் கேக்கும். பாடி கெடைக்காத கேசுக்கு ஏழு வருஷம் ஆவணும்," என்றாள் ரெஜினா. "கைவிடப்பட்டவர்னு போட்டுடலாம். அதுக்கு இப்ப ஆயிருக்கற அஞ்சு வருஷம் போதும்."

"அவரு என்ன வுட்டுட்டுப் போவலக்கா. தண்ணி இஸ்துகினு பூட்ச்சு. நா எப்டி அப்டி சொல்லுவன்?"

"நீ எங்க சொல்ற? காயிதம் சொல்லுது. நானும் இதே காயிதத்த வெச்சுதான் படிச்சன். எனக்கு இன்னா கொறஞ்சு போச்சு?"

"உன் வூட்டுக்காரரு நெஜமாவே பூட்டாருக்கா," என்றாள் வேண்டா.

அவள் குத்திப் பேசவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் ரெஜினாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. "அப்ப வூட்லயே குந்திகினு கெட. சீட்டு உனக்காகக் காத்துகினு கெடக்கும்!" என்றாள். வேண்டா தாலியை ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

கணவன் வீட்டுப் பக்கமிருந்தும் ஒரு வாக்குமூலம் வேண்டியிருந்தது. வேண்டாவுக்கு அத்தையிடம் கேட்க வாய் வராது என்று ரெஜினாவே டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசகத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். அவள் தினமும் பத்துப் பேருக்குச் செய்கிற வேலை அது. ஞானம்பாள் எதிரே உட்கார்ந்து கேட்டாள். 'ஞானம்பாள் ஆகிய நான் உறுதி கூறுவது. வேண்டா என்பவர் என் மகன் பார்த்திபனின் மனைவி. இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை உள்ளது.' அடுத்த வரி வந்தது. 'என் மகன் பார்த்திபன் கடந்த ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இவர்களைக் கைவிட்டுச் சென்றுவிட்டார்.' ரெஜினா நிமிர்ந்து அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த வரியைத் தாண்டி அதற்கடுத்த வரியைப் படித்தாள். கடைசியில், 'மேற்கண்ட வாசகம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்' என்பதை மட்டும் கணீரென்று படித்தாள்.

"எம்புள்ள பேரு வர்ற எடம் இன்னொரு தரம் படி," என்றாள் ஞானம்பாள்.

ரெஜினா படித்தாள். 'என் மகன் பார்த்திபனின் மனைவி.'

ஞானம்பாளுக்குத் திருப்தியாக இருந்தது. மை தொட்டுக் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள், மிச்ச மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த வீட்டில் ரெஜினாவுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. அவளால் அதைக் குடித்து முடிக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் ஏரிக்கரையில்தான் அவனை முதல் தடவை பார்த்தாள்.

வேண்டா படித்தாள், நன்றாகவே படித்தாள். செங்கல்பட்டில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். நரம்பு கிடைக்காத கையில்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுப்பாள் என்று பெயர் வாங்கினாள். ரேணுகாவை நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாற்றினாள், ஓலை ஒழுகிய இடத்தில் ஷீட் போட்டாள். சங்கத்துக் கூட்டத்தில் ரெஜினாவை முன்னால் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். கைதட்டிய கூட்டத்தில் பின் வரிசையில் அவன் உட்கார்ந்திருப்பானோ என்று அந்தப் பக்கம் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளத்தின் ஏழாம் வருஷம் முடிந்தது. ஞானம்பாள் சொல்லிவிட்டாள். "நா கண்ண மூடறதுக்குள்ள எம்புள்ளைக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கணும். சாவு காயிதம் வாங்கிக் குடுங்க." ரெஜினாவும் கூடப் போனாள். பழைய ஃபைலை யார் தோண்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் எதையும் தோண்டவே வேண்டியதில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? தாலுகா ஆபீஸில் இருந்த கிளார்க் வேண்டாவின் பெயரைத் தட்டினார், திரையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வூட்டுக்காரரு வுட்டுட்டுப் போய்ட்டாருன்னு நீங்களே குடுத்துகிறீங்க. இப்ப வெள்ளத்துல பூட்டாருன்றீங்க. பெரீம்மா, இது உங்க கைநாட்டு தான?" என்று கேட்டுவிட்டு அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

ரெஜினா வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வேண்டா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பொய்ச் சான்றிதழ் என்றால் வேண்டா படித்த படிப்பு என்ன ஆகும், வேலை என்ன ஆகும், தன் வேலை என்ன ஆகும் என்று எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. வாயை மூடிக்கொண்டாள்.

ஞானம்பாள் கத்தப் போகிறாள் என்றுதான் ரெஜினா நினைத்தாள். கத்தவில்லை, அந்தக் கைநாட்டைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அவள் முகம் மெல்ல மாறியது. ரெஜினா ஒருநாளும் அதில் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"வுட்டுட்டுப் போனான்னா, உசுரோட போயிகிறான்னு தான அர்த்தம்?" என்றாள். "சர்க்காரே எழுதி வெச்சுகீதே."

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததற்கு அவள் செருப்பால் அடித்திருந்தால்கூட ரெஜினாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு காரியம் என்ற பேச்சே இல்லை. அச்சரப்பாக்கம் சந்தையில் அவன் சாயலில் ஒருவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள், ஞானம்பாள் மூன்று வாரம் சந்தைக்குப் போய் நின்றாள். கடப்பாக்கத்தில் மீன் வண்டி ஓட்டுகிறான் என்று இன்னொருத்தர் சொன்னார். அங்கேயும் போய், கடலோரப் பழைய கோட்டைப் பக்கம் நின்றிருந்த டிரைவர் ஒவ்வொருவரையும் நிறுத்திப் புருவத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டாவுக்குத் தைரியம் இல்லை. கையெழுத்து அவளுடையதும்தானே. ஒருநாள் ரெஜினாவிடம் சொன்னாள்.

"நெஜம் இன்னான்னு எனக்கே கொழம்பிப் போவுதுக்கா. ரத்தம் குடுக்கக் கைய நீட்றவங்க மொகத்த எல்லாம் பாக்கறன். தண்ணி இஸ்துகினு போனத நா எங்க கண்ணால பாத்தன்?"

அப்படியே ஐந்து மாதம் போனது. ஜூனில் பள்ளி திறந்த வாரம், சாயங்காலம் நாலரை மணிக்கு, யூனிஃபார்மோடு ரேணுகா இ-சேவை மையத்துக்குள் தனியாக வந்தாள். பன்னிரண்டு வயது. கையில் ஒரு பழைய ஆதார் ஜெராக்ஸ்.

"ஆன்ட்டி, இது எங்க அப்பா நம்பரு. இப்ப எங்க கீறாருன்னு கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லு."

"அதெல்லாம் இதுல தெரியாது கண்ணு. இன்னாத்துக்குக் கேக்கற?"

"அவராண்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நா இன்னா தப்பு பண்ணன்னு கேக்கணும்."

ஹேமந்த்தும் ஆறு வயதில் இதைக் கேட்டிருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல ரெஜினாவிடம் எதுவும் இருந்ததில்லை, ஏனென்றால் தாவீது உண்மையாகவே போனவன். இந்தக் குழந்தைக்கு அப்படி இல்லை. பதில் இருந்தது, அதை ரெஜினா கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். தன் பிள்ளைக்கு வந்த நோயை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டவைத்திருக்கிறோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசையில் இருந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னாள். ரேணுகாவைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ரேணுகா கடைசிவரை கேட்டாள். "அப்ப அப்பா எங்கள வுட்டுட்டுப் போவலியா?"

"போவல. வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தாரு."

"அப்ப செத்துட்டாரா?"

"ஆமா கண்ணு."

பெண் அழுதாள். நெடுநேரம் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆயாகிட்ட நீயே வந்து சொல்லு," என்றாள்.

ரெஜினா வேண்டாவுக்குப் போன் செய்தாள். வேண்டா முதலில் ரேணுகாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். பிறகு, "சொல்லிடுக்கா. வேலை போனா போவட்டும்," என்றாள் வேண்டா. அந்த வாக்குமூலத்தின் காப்பி ஒன்றை அச்சடித்துக்கொண்டு, மைப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, ரெஜினா குழந்தையோடு பஸ் ஏறினாள்.

ஞானம்பாள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "வாம்மா," என்று உள்ளே போய் டம்ளரில் டீ கொண்டு வந்தாள். ரெஜினா அதைத் தொடவில்லை. "ஒண்ணு படிச்சுக் காட்டணும்மா, குந்துங்க," என்று காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரியிலிருந்து படித்தாள், இந்தத் தடவை எதையும் தாண்டவில்லை.

"இத அன்னிக்கு நீ படிக்கல," என்றாள் ஞானம்பாள்.

"படிக்கலம்மா."

"ஏன்?"

"படிச்சா நீங்க கை வெக்க மாட்டீங்க. அதான். உங்க புள்ள எங்கியும் போவலம்மா. சர்க்காரு எழுதல. நான்தான் எழுதினன்."

ஞானம்பாள் டீ டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்க ஜனத்த வூட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்து, ரேணுகாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். எது சொன்னாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். அந்த அம்மாள் காகிதத்தை வாங்கித் தன் பழைய கைநாட்டைப் பார்த்தாள். அச்சரப்பாக்கம் சந்தையும் கடப்பாக்கத்து மீன் வண்டியும் அவள் முகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போவது தெரிந்தது.

"மை கொண்டாந்துகிறியா?"

"இருக்குதும்மா."

"எழுது. தண்ணியில பூட்டான்னு எழுது. பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டுப் போறவன் இல்லன்னும் எழுது."

"அதுக்கு பாரத்துல எடம் இல்லம்மா."

"எழுதுன்றன்!"

ரெஜினா வெள்ளைத் தாளில் எழுதினாள். அவள் சொன்னதை எல்லாம் எழுதினாள். அதற்குக் கீழே, முந்தைய வாக்குமூலத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கியது தான்தான் என்றும், வேண்டாவை வற்புறுத்தியதும் தான்தான் என்றும் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். அந்தக் கையெழுத்தோடு தன் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

"எம்புள்ள பேரு வர்ற எடம் இன்னொரு தரம் படி."

"என் மகன் பார்த்திபன் தன் குடும்பத்தைக் கைவிட்டவன் அல்ல. வீட்டுக்கு வரும் வழியில் வெள்ளத்தில் இறந்துபோனான்."

ஞானம்பாள் கட்டைவிரலை மையில் வைத்து எடுத்துத் தாளில் அழுத்தினாள். இந்தத் தடவை மையைத் தலையில் தேய்க்கவில்லை. அந்த விரலை மறு கையால் பொத்திக்கொண்டு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மகன் பெயரைச் சொல்லிப் பெருங்குரலில் ஒப்பாரி வைத்தாள். தெருவில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். வேலை முடிந்து அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வேண்டா, கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னா ஆச்சு? யாரு செத்தது?" என்று பதறிக் கேட்டார் முன்னால் வந்தவர்.

ரேணுகா வாசலில் நின்றிருந்தாள். "எங்க அப்பா," என்றாள்.